சத்தியான்வேஷியும் அவர் தோழரும்: வங்கத்துத் துப்பறியும் கதையின் வரலாறு

திருக்குறளின் பொருட்பாலைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு செய்தியைக் கவனித்திருப்பர். நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அவ்வளவில் அமைந்துவிடவில்லை. நட்பாராய்தல் என்றும், தீ நட்பு என்றும், கூடா நட்பு என்றும் மேலும் அதிகாரங்களை வகுத்தார். அதே பொருட்பாலில் ஒற்றாடல் என்றோர் அதிகாரமும் உண்டு. ஒற்றன் நாட்டில் மறைந்திருப்பதை அறிய முயல்கின்றான். நட்பை ஆராய்பவன் தன்னை அடுத்து வந்தவரின் நெஞ்சில் மறைந்திருப்பதை அறிய முயல்கின்றான். முன்னது அரசனுக்கு வேண்டிய தொழில். பின்னது நம் எல்லோருக்கும் வேண்டிய தொழில். இவ்விரண்டும் ஒன்றாகச் சந்திக்கும் கதை வகை ஒன்று சென்ற இரு நூற்றாண்டுகளுக்குள் தோன்றி உலகெங்கும் பரவியது. அதுவே துப்பறியும் கதை.

துப்பறியும் கதை என்றவுடன் முகஞ் சுளிப்போர் உளர். அது பொழுதுபோக்குக்காகப் புகைவண்டியில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்லவேண்டிய சரக்கு என்பது அவர்தம் எண்ணம். அத்தகைய கதைகள் பல உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எவரை நம்பிற்று, எவரை அஞ்சிற்று, எதை மறைத்தது என்பனவற்றை அறிய விரும்பும் வரலாற்று மாணவனுக்கு அக்கதைகளைப் போன்ற சான்று வேறொன்று எளிதிற் கிடைப்பதில்லை. இன்று நாம் எடுத்துக்கொள்வது வங்காள மொழியில் 1930களில் எழுதப்பெற்ற ஒரு சிறு கதை. அதன் பெயர் 'சத்தியான்வேஷி'. அன்வேஷணம் என்றால் தேடுதல். சத்தியத்தைத் தேடுபவர் என்பது அப்பெயரின் பொருள். அதில் அறிமுகமாகும் பியோம்கேஷ் பக்ஷி என்னும் இளைஞர் இந்திய இலக்கியத்தில் நிலைபெற்ற துப்பறிவாளர்களுள் முதல்வரிசையில் நிற்பவர்.

அவரைச் சந்திக்குமுன் இக்கதை வகையின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1841-ம் ஆண்டிலே அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ, பாரிஸ் நகரத்தில் நிகழும் இரட்டைக் கொலை ஒன்றைப் பற்றிக் கதை எழுதினார். அதில் துப்பறியும் டூப்பின் என்பவருக்கு ஒரு தோழர் உண்டு. கதையைச் சொல்பவர் அவரே. ஆனால் அவருக்குப் பெயர் இல்லை. 1887-ல் வைத்தியரான ஆர்தர் கொனன் டொயில், ஷேர்லொக் ஹோம்ஸ் என்பவரையும் அவர் தோழர் வைத்தியர் வாட்சனையும் படைத்தபோது அந்தத் தோழருக்குப் பெயரும் உருவமும் உள்ளமும் கிடைத்தன. அதுமுதல் துப்பறிவாளருக்கு ஒரு தோழர் இருத்தல் வேண்டும் என்பது ஏறக்குறைய இலக்கணமாகிவிட்டது. அறிவிற் சிறந்தவர் கண்டறிகின்றார். அன்பிற் சிறந்தவர் நமக்குச் சொல்கின்றார்.

இந்தியாவுக்கும் இக்கதைகளுக்கும் தொடக்கத்திலேயே ஒரு தொடர்பு இருந்தது. ஆனால் அது நாம் பெருமைப்படக்கூடிய தொடர்பன்று. 1868-ல் வெளிவந்த வில்கி கொலின்ஸ் என்பாரின் 'சந்திரகாந்தக் கல்' என்னும் ஆங்கில நாவலில், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபோது ஓர் ஆங்கிலேயர் கைப்பற்றிய வைரமே எல்லாத் துன்பங்களுக்கும் காரணமாகின்றது. 1890-ல் கொனன் டொயில் எழுதிய ஹோம்ஸ் நாவல் ஒன்றில் 1857-ம் ஆண்டுக் கலகத்தின்போது ஆக்ராவில் மறைக்கப்பட்ட புதையல் அத்தகைய வேலையைச் செய்கின்றது. அக்காலத்து ஆங்கில வாசகருக்கு இந்தியா மர்மத்தின் பிறப்பிடம். மர்மத்தைத் தெளிவிக்கும் அறிவு மட்டும் இலண்டனிலே பிறந்தது. இந்த எண்ணத்தை மாற்றி, மர்மமும் தெளிவும் ஒரே தெருவிற் பிறக்கக்கூடும் என்று காட்டுவதற்குச் சில பத்தாண்டுகள் சென்றன.

வங்கத்தில் துப்பறியும் கதை கற்பனையிலிருந்து பிறக்கவில்லை. பொலிஸ் கந்தோரிலிருந்து பிறந்தது. 1868-ல் கல்கத்தா நகரப் பொலிஸில் துப்பறியும் பகுதி ஒன்று நிறுவப்பட்டது. அப்பகுதியிற் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய் என்னும் அதிகாரி, 1892 முதல் 'தாரோகார் தப்தர்' என்ற வரிசையை வெளியிடத் தொடங்கினார். தாரோகா என்றால் பொலிஸ் அதிகாரி. தப்தர் என்றால் கந்தோர். தாம் கண்ட வழக்குகளைத் தாமே சொல்வது போல அவர் எழுதினார். இருநூறுக்கு மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன என்றால், கற்றறிந்த வங்காளிகள் இத்தகைய எழுத்துக்கு எவ்வளவு ஆவலுடன் காத்திருந்தனர் என்பது விளங்கும்.

அவரைத் தொடர்ந்து பஞ்சகோரி தே என்பவர் துப்பறியும் நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் குவித்தார். அவருடைய கதைக்கருக்கள் பல கொலின்ஸிடமும் கொனன் டொயிலிடமும் பெற்றவை. தினேந்திர குமார் ராய் என்பவரோ இலண்டனைக் களமாகக் கொண்ட ஆங்கில மலிவுக் கதைகளைத் தழுவி, ரொபட் பிளேக் என்னும் துப்பறிவாளரை வங்காள வாசகர்களிடையே உலவவிட்டார். வங்கத்துக்கு வெளியிலும் இவ்வலை பரவியது. இந்தியில் கோபால்ராம் கஹ்மரி 1900-ல் 'ஜாசூஸ்' என்னும் இதழைத் தொடங்கினார்; ஒற்றன் என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் பண்டித நடேச சாஸ்திரியார் 1894-லேயே 'தானவன்' என்ற பொலிஸ் நிபுணரைப் பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களைத் தமிழர் விரும்பிப் படித்ததை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கும் நிலைமை ஒன்றே. கதையின் உடை மாறியது. எலும்புக்கூடு பெரும்பாலும் ஆங்கிலமாகவோ பொலிஸ் குறிப்பாகவோ இருந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம். துப்பறிவாளரைக் குறிக்க வங்காளத்தில் வழங்கும் சொல் 'கோயெந்தா' என்பது. அது பாரசீக மொழியிலிருந்து வந்தது. பேசுபவன், செய்தி சொல்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில ஆட்சியினர் வழிப்பறிக் கூட்டத்தாரை அடக்கியபோது, கூட்டத்திலிருந்தே பிடித்துத் தம் பக்கம் திருப்பிய உளவாளிகளையும் இச்சொல்லால் அழைத்தனர். எனவே கோயெந்தா என்பவன் உண்மையைக் கண்டுபிடிப்பவன் மட்டும் அல்லன். நேற்றுத் தன்னோடு ஒன்றாக உண்டவனை இன்று காட்டிக்கொடுப்பவனும் ஆவான். வங்காளிகள் துப்பறிவாளருக்கு வேறொரு கேலிப்பெயரும் வைத்திருந்தனர். அது 'டிக்டிகி'. சுவரில் ஒட்டிக்கொண்டு வீட்டார் பேச்சையெல்லாம் கேட்டிருக்கும் பல்லிக்கு வழங்கும் பெயரே அது.

இந்தக் கசப்பு வெறும் சொல்லளவில் நின்றதன்று. 1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டபின் இளைஞர் பலர் இரகசியச் சங்கங்களிற் சேர்ந்தனர். அவர்களைப் பின்தொடர ஒற்றர்கள் பெருகினர். 1908-ல் நடைபெற்ற அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் நரேந்திரநாத் கோஸ்வாமி என்பவர் அரசாங்கச் சாட்சியாக மாறித் தம் தோழர்களுக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் 31-ம் திகதி, சிறைச்சாலைக்குள்ளேயே அவருடைய பழைய கூட்டாளிகளான கனையிலால் தத்தரும் சத்தியேந்திரநாத் போஸும் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவ்விருவரும் தூக்குமேடை ஏறினர். நட்பு, மறைத்த உண்மை, காட்டிக்கொடுத்தல் என்னும் மூன்றும் வங்காளிகளுக்குக் கதைப்பொருளாவதற்கு முன்பே வாழ்க்கைப் பொருளாகிவிட்டன.

1930-ல் இந்நிலை மேலும் கடுமையாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கு தாக்கப்பட்டது. ஓகஸ்டில் கல்கத்தாப் பொலிஸ் ஆணையாளர் சார்ள்ஸ் டெகார்ட் மீது வெடிகுண்டு வீசப்பட்டது. அவர் உயிர் தப்பினார். டிசெம்பரில் அரசாங்கச் செயலகமாகிய ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள்ளே மூன்று இளைஞர்கள் புகுந்து சிறைச்சாலைத் தலைமை அதிகாரியைச் சுட்டனர். புதிதாக ஒருவர் தெருவுக்குக் குடிவந்தால், அவர் வேலை தேடி வந்தவரா, புரட்சிக்காரரா, பொலிஸ் ஒற்றரா என்று அயலார் ஐயுறுவது இயல்பாய் இருந்த காலம் அது. 'சத்தியான்வேஷி' எழுதப்பட்டது இக்காலத்தின் பின்புறத்தில்தான் என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

கதையை எழுதிய சரதிந்து பந்தோபாத்யாய் 1899 மார்ச் 30-ம் திகதி ஜோன்பூரிற் பிறந்தவர். அது இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஊர். அவர் வளர்ந்தது பீகாரில். கல்கத்தாவில் வித்தியாசாகர் கல்லூரியிற் படித்தார். பின்னர் சட்டம் பயின்று முங்கேர் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஆனால் 1929-ல் அத்தொழிலைக் கைவிட்டு எழுத்தையே வாழ்க்கையாகக் கொண்டார். வங்காளியாய்ப் பிறந்து வங்காளத்துக்கு வெளியே வளர்ந்தவர் அவர். ஆதலால் கல்கத்தா அவருக்குப் பழகிய ஊராகவும் புதிய ஊராகவும் ஒருங்கே இருந்தது. அந்நகரத்தின் சந்துகளை அவர் இத்துணைக் கூர்மையாகக் கண்டதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். நீதிமன்றத்தில் உண்மைக்கும் சாட்சியத்துக்கும் உள்ள தூரத்தையும் அவர் கண்டிருப்பார்.

1932-ல் அவர் பியோம்கேஷை வைத்து எழுதிய முதற்கதை 'பாதேர் காண்டா', அதாவது 'பாதையின் முள்'. தம் பாதையில் முள் உள்ளவர் இன்ன கிழமையில் இன்ன விளக்குக் கம்பத்தருகே வந்து நிற்கலாம் என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகின்றது. அதே நகரத்தில் மனிதர் சிலர் நடுத்தெருவில் மாரடைத்தாற்போல வீழ்ந்து இறக்கின்றனர். அவர்தம் நெஞ்சிற் காணப்படுவது கிராமபோன் ஊசி. அவ்வூசி துவிச்சக்கர வண்டியின் மணிக்குள் அமைந்த பொறியிலிருந்து பாய்ந்தது என்பதே மர்மத்தின் விடை. அந்நாளைய கல்கத்தாவின் வீட்டிலும் வீதியிலும் ஒலித்த இரு பொருள்களே கொலைக்கருவியாகிவிட்டன. களம் கடன்வாங்கியதன்று, கருவியும் கடன்வாங்கியதன்று.

இரண்டு கதைகள் எழுதியபின், பியோம்கேஷ் யார், அவருக்குத் தோழர் வாய்த்தது எவ்வாறு என்பதைச் சொல்லவேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்றாவதாக எழுதிய 'சத்தியான்வேஷி' அந்தத் தொடக்கத்தைச் சொல்கின்றது. எனவே எழுதிய வரிசையில் மூன்றாவதாயினும் தொகுப்பு நூலில் அதுவே முதற்கதையாக நிற்கின்றது.

கதை நிகழும் காலம் வங்க ஆண்டு 1331, அதாவது 1924-25. கதையைச் சொல்பவர் அஜித் பந்தோபாத்யாய் என்னும் இளைஞர். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டார். தந்தையார் வைத்துச் சென்ற பணத்தின் வட்டி அவருடைய சிறு செலவுக்குப் போதும். மணம் செய்யாமல் இலக்கியத் தொண்டு புரிவதென்று முடிவு செய்துகொண்டு, கல்கத்தாவின் நடுவிலே ஒரு 'மெஸ்'ஸிற் குடியிருக்கின்றார்.

மெஸ் என்பதை நம் நாட்டு நேயர்கள் வெறும் உணவுச்சாலை என்று கருதலாகாது. கிராமங்களிலிருந்து வந்து கந்தோர்களில் எழுதுவினைஞராக வேலை செய்தோரும், கல்லூரி மாணவரும், தனித்து வாழும் ஆடவரும் ஒரு வீட்டை அறை அறையாகப் பகிர்ந்துகொண்டு, ஒரே சமையலில் உண்டு, மாதமுடிவிற் செலவைப் பங்கிட்டுக்கொண்ட விடுதியே அது. அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என்ற உறவு முறையால் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த கிராமத்து மனிதன், முதன்முதலாக முன்பின் அறியாதவனுடன் ஒரே கூரையின் கீழ் உறங்கக் கற்றுக்கொண்ட இடமும் அதுவே. கிராமத்தில் ஒருவனைப் பற்றி அறியவேண்டுமானால் அவன் பாட்டனாரைக் கேட்கலாம். மெஸ்ஸில் அவன் சொல்வதைத் தவிர வேறு சான்று இல்லை. அவன் சொல்லும் பெயரையும் ஊரையும் நம்பியே அவனுடன் பழகவேண்டும். நட்பை ஆராய்வதற்கான பழைய வழிகள் அடைபட்டுப் போன இடம் என்று அதனைச் சொல்லலாம்.

அஜித் தங்கியிருந்த மெஸ் சீனர் குடியிருப்புக்கு அருகில், பகலில் வாணிபம் நிறைந்தும் இரவில் வெறிச்சோடியும் கிடக்கும் பகுதியில் இருக்கின்றது. அதன் உரிமையாளர் அனுகூல் பாபு என்னும் ஹோமியோபதி வைத்தியர். அவர் கீழ்த்தளத்தில் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கின்றார். குடியிருப்போர் எல்லோருடனும் கனிவாகப் பேசுகின்றார். அஜித்துக்கும் அவரிடம் மதிப்பும் பழக்கமும் உண்டு. அனுகூலம் என்ற சொல் தமிழிலும் வழங்குவதால் அப்பெயரின் பொருளை நேயர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்தப் பகுதியிற் கொலைகள் நிகழ்கின்றன. கொக்கெயின் என்னும் போதைப்பொருளின் கள்ளவாணிபம் அவற்றுக்குப் பின்னால் இருக்கலாம் என்ற பேச்சு அடிபடுகின்றது. இதுவும் ஆசிரியர் கற்பனையாகச் சேர்த்த அலங்காரம் அன்று. கொக்கெயினை வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்கத்தாவிற் பரவியிருந்தது. அரசாங்கம் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தியபின் அது வெளிநாடுகளிலிருந்து கள்ளத்தனமாக வந்தது. கட்டுப்பாடு இறுகிய அளவுக்கு இலாபமும் உயர்ந்தது.

இந்நிலையில் ஒருநாள் வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞர் மெஸ்ஸுக்கு வருகின்றார். வயது இருபத்துமூன்று அல்லது இருபத்துநான்கு இருக்கும். பெயர் அதுல் சந்திர மித்திரர் என்கின்றார். மெஸ்ஸில் இடமில்லை. அவருடைய நிலையைக் கண்டு இரங்கிய அஜித் தம் அறையைப் பகிர்ந்துகொள்ள முன்வருகின்றார். ஒரே அறையில் இருவரும் பழகுகின்றனர். பின்னர் ஓர் இரவு, அதே மெஸ்ஸில் குடியிருந்த அசுவினி பாபு என்பவர் கழுத்தறுபட்டு இறந்துகிடக்கக் காணப்படுகின்றார். புதிதாக வந்த அதுல் மீது பொலிசாரின் ஐயம் விழுகின்றது. அவரைக் கைது செய்து கொண்டு செல்கின்றனர்.

இப்பொழுது அஜித்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் ஊரெல்லாம் மதிக்கும் வைத்தியர். மறுபுறம் சில நாளே பழகிய, பழைய வரலாறு தெரியாத இளைஞர். எவரை நம்புவது? அறிவு வைத்தியர் பக்கம் இழுக்கின்றது. பழகிய நெஞ்சு இளைஞர் பக்கம் இழுக்கின்றது.

இக்கதை எழுதப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. முடிவைச் சொல்லாமல் அதன் சிறப்பைச் சொல்லவும் இயலாது. எனவே இனிப் படிக்க விரும்பும் நேயர்கள் பொறுத்தருள்க. கொக்கெயின் கள்ளவாணிபத்தின் தலைவரும் கொலைகாரரும் அந்தக் கனிவான வைத்தியரே. ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் மருந்தறையே போதைப்பொருள் கைமாறும் இடம். அதுல் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர் இம்மர்மத்தைத் தெளிவிப்பதற்காகவே மாறுபெயரில் வந்து தங்கிய பியோம்கேஷ் பக்ஷி. தம்மையே இரையாக வைத்து அவர் விரித்த வலையில், இரவிற் கொல்ல வந்த வைத்தியர் கையும் களவுமாக அகப்படுகின்றார்.

உண்மையான நண்பர் பொய்ப் பெயரோடு வந்தார். உண்மைப் பெயரோடு பழகியவர் பொய்யான நண்பராய் இருந்தார். இதுவே இக்கதையின் உயிர்நிலை. ஹோம்ஸும் வாட்சனும் இலண்டனில் ஒரு வீட்டின் வாடகையைப் பகிர்ந்துகொள்ளவே முதலிற் சந்தித்தனர். பியோம்கேஷும் அஜித்தும் அவ்வாறே ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். இந்த அளவில் சரதிந்து ஆங்கில ஆசிரியருக்குக் கடன்பட்டவரே. ஆனால் ஹோம்ஸ் தம் பெயரை மறைக்கவில்லை. வாட்சன் எவரை நம்புவதென்று தடுமாறவும் இல்லை. ஒற்றர்களும் மாறுபெயர்களும் நிறைந்த கல்கத்தாவில் எழுதிய சரதிந்து, நட்பின் தொடக்கத்திலேயே ஒரு பொய்யை வைத்தார். அந்தப் பொய்யை அறிந்த பின்பும் நட்பு நிலைத்தது எவ்வாறு என்பதையே அவர் கதையாக்கினார்.

அது நிலைத்ததற்குக் காரணம் எளியது. பியோம்கேஷ் பெயரை மறைத்தார். நோக்கத்தைத் தம் இலாபத்துக்காக மறைக்கவில்லை. வைத்தியர் பெயரை மறைக்கவில்லை. நோக்கம் முழுவதையும் மறைத்தார். கனிந்த சொல்லும் ஊராரின் மதிப்பும் நட்புக்குப் போதிய சான்றல்ல என்பதை அஜித் அந்த மெஸ்ஸில் அறிந்துகொள்கின்றார். முன்பின் அறியாதவருக்குத் தம் அறையிற் பாதியைக் கொடுத்த அவருடைய ஈரநெஞ்சு வீண்போகவில்லை என்பதையும் அறிந்துகொள்கின்றார். நகர வாழ்க்கையைக் கண்டு அஞ்சிய தலைமுறைக்கு அது ஓர் ஆறுதலாய் இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்தபின் பியோம்கேஷ் தம் தோழரை ஹாரிசன் வீதியில் உள்ள தம் இருப்பிடத்துக்கு அழைத்துச் செல்கின்றார். அந்த வீதிக்கு இன்று மகாத்மா காந்தி வீதி என்று பெயர். வாயிலில் உள்ள பித்தளைப் பலகையில் அவர் பெயரும் அதன்கீழ் 'சத்தியான்வேஷி' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லாகிய டிடெக்டிவ் என்பது தமக்குப் பிடிக்கவில்லை என்றும், கோயெந்தா என்பது அதனினும் மோசமானது என்றும், ஆதலால் இப்பெயரை வைத்துக்கொண்டதாகவும் அவர் விளக்குகின்றார். சொல்லளவில் இது நகைச்சுவை போலத் தோன்றும். ஆனால் அச்சொற்களின் பின்னால் இருந்த உளவாளிகளையும், பல்லி என்ற பட்டப்பெயரையும், அலிப்பூர்ச் சிறைச்சாலையையும் எண்ணிப் பார்ப்போருக்கு அந்தப் பித்தளைப் பலகை வேறு விதமாகத் தோன்றும். இங்கே இருப்பவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்கும் ஒற்றர் அல்லர் என்பதே அதன் அறிவிப்பு. பியோம்கேஷ் பொலிசாருடன் ஒத்துழைக்கின்றார். ஆனால் அவர்களுடைய ஊழியர் அல்லர். வேட்டியும் நீண்ட சட்டையும் அணிந்து, அயல்வீட்டுப் பட்டதாரி போலக் காட்சியளிக்கும் அவரை வங்காளிகள் அஞ்சவேண்டியிருக்கவில்லை. பியோம்கேஷ் என்ற பெயர் சிவபெருமானுக்குரிய வியோமகேசன் என்னும் திருநாமத்தின் வங்காள ஒலிப்பு என்பதும் நாம் அறியத்தக்கது.

இந்நோக்கு பின்வந்த கதைகளிலும் தொடர்கின்றது. பியோம்கேஷ் மணக்கும் பெண்ணின் பெயர் சத்தியவதி. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட தம் தமையனைக் காப்பாற்ற அவள் போராடும்போதே இருவரும் சந்திக்கின்றனர். சத்தியத்தைத் தேடியவருக்குச் சத்தியவதி கிடைத்தாள் என்று ஆசிரியர் மெல்லச் சிரித்திருப்பார். 'ஆதிம ரிபு', அதாவது 'ஆதிப் பகை' என்ற பிற்காலக் கதை 1946-ம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரத்திலிருந்து 1947 ஓகஸ்ட் சுதந்திரம் வரையுள்ள நாட்களைப் பின்னணியாகக் கொண்டது. அதிலே குற்றவாளியைக் கண்டுபிடித்த பின்னரும் பியோம்கேஷ் அவனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்காமல் விடுகின்றார். உண்மையை அறிவது ஒன்று, தண்டிப்பது வேறொன்று என்பது அவர் கொள்கை. பொலிஸ் அதிகாரி எழுதிய பழைய 'தப்தர்' கதைகளில் இத்தகைய முடிவை நாம் எதிர்பார்க்க முடியாது.

சரதிந்து 1936 வரை சில கதைகளை எழுதிவிட்டுப் பியோம்கேஷை நிறுத்திக்கொண்டார். 1938-ல் பம்பாய் சென்று திரைப்படங்களுக்குக் கதை எழுதினார். பின்னர் அதனையும் விட்டுப் பூனா நகரில் வாழ்ந்தார். ஏறக்குறைய 15 ஆண்டு இடைவெளிக்குப்பின், வாசகர்கள் மறக்கவில்லை என்பதைக் கண்டு, மீண்டும் பியோம்கேஷை எழுதத் தொடங்கினார். வரலாற்று நாவல்களிலும் அவர் வல்லவர். விஜயநகரப் பேரரசைக் களமாகக் கொண்ட 'துங்கபத்திரையின் கரையில்' என்னும் நாவல் அவருக்கு இரவீந்திர பரிசைப் பெற்றுத் தந்தது. 1970 செப்டெம்பர் 22-ம் திகதி அவர் காலமானபோது பியோம்கேஷ் கதைகள் 32 முற்றுப்பெற்றிருந்தன. 33-வது கதை பாதியில் நின்றுவிட்டது. இறுதிக் கதைகள் சிலவற்றில் அஜித் கதைசொல்பவராக இல்லை. வாசகர் பலருக்கு அது குறையாகவே தோன்றியது. துப்பறியும் திறம் குறையவில்லை; பக்கத்தில் இருந்து வியக்கும் தோழரின் குரல் மட்டும் இல்லை. அந்தக் குரலே கதைகளுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது.

1967-ல் சத்யஜித் ராய் 'சிடியாகானா' என்ற பியோம்கேஷ் கதையைத் திரைப்படமாக்கினார். புகழ்பெற்ற நடிகர் உத்தம் குமார் பியோம்கேஷாகத் தோன்றினார். ராய் தாமே 1965-ல் சிறுவர் இதழாகிய 'சந்தேஷ்'இல் பெலுதா என்னும் துப்பறிவாளரைப் படைத்திருந்தார். பெலுதாவின் கதைகளைச் சொல்பவன் அவரை ஒன்றுவிட்ட தமையனாகக் கொண்ட ஒரு சிறுவன். 1993-ல் பாசு சாட்டர்ஜி இயக்கிய இந்தித் தொலைக்காட்சித் தொடர் பியோம்கேஷை வங்காளத்தின் எல்லையைத் தாண்டி இந்தியா முழுவதற்கும் கொண்டு சென்றது. ரஜித் கபூர் அவ்வேடத்தில் நடித்தார். 2015-ல் மற்றோர் இந்தித் திரைப்படமும் வெளிவந்தது. ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் மொழிபெயர்ப்புகள் உண்டு. இன்று இந்தியாவில் மர்மக் கதை எழுதப் புகும் இளம் எழுத்தாளர் பலர், நெருங்கிய நண்பர் கூட்டத்துக்குள் ஓர் இரகசியத்தை வைத்தே தம் முதல் நூலைத் தொடங்குவதைக் காண்கிறோம். மெஸ் போய் மாடி வீட்டுக் குடியிருப்பு வந்துவிட்டது. கடிதம் போய்க் கைத்தொலைபேசி வந்துவிட்டது. அடிப்படைக் கேள்வி மட்டும் அனுகூல் பாபுவின் வீட்டிற் கேட்ட கேள்வியே.

இக்கதை வரலாற்றில் நாம் கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், வங்காளத்தில் துப்பறிவாளர் முதலிற் பொலிஸ் அதிகாரியாக வந்தார். பின்னர் வேட்டி கட்டிய ஆங்கிலேயராக வந்தார். கடைசியாகவே அயல்வீட்டு இளைஞராக வந்தார். அவ்வாறு வந்தபோது அவர் தம்முடன் ஒரு தோழரையும் அழைத்து வந்தார். அடிமைப்பட்ட நாட்டில், உண்மையை அறிதல் என்பது ஆட்சியாளரின் ஆயுதமாகவும் துரோகியின் விலைப்பொருளாகவும் இருந்த காலத்தில், அதனை நண்பர் இருவர் கூடிச் செய்யும் நற்பணியாக மாற்றிக் காட்டியமையே சரதிந்துவின் சாதனை. 'சத்தியான்வேஷி' நூல்நிலையத்தில் எங்கேனும் அகப்படுமாயின் எடுத்துப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது கொலைகாரர் யார் என்பதோடு நின்றுவிடாமல், அஜித் தம் அறைக்கதவை அந்த அந்நியருக்குத் திறந்துவிட்ட இடத்திலும் சிறிது தங்கிச் செல்லுங்கள். கதை தொடங்குவது அங்கேதான்.